ஓரியூரின் ஒளிவிளக்கு

தவக்காலம் பிறக்கும் முன்னரே எங்கள் வகுப்பில் ஒரு பட்டியல் தயாராகிவிடும். யார் யார் எதை விடப்போகிறோம் என்பதுதான் அது. ஒருத்தி நாற்பது நாளும் மிட்டாய் தொடமாட்டாள். ஒருத்தி காப்பிக்குச் சர்க்கரை போட்டுக்கொள்ளமாட்டாள். இன்னொருத்தி பாஸ்கா வரையில் மீனும் நண்டும் வேண்டாம் என்பாள். பழவேற்காட்டு இறால் கூடையில் வாசலுக்கே வந்து விலைபோகும் நம் பகுதியில் அது எளிதான ஒறுத்தல் அன்று! மிச்சமாகும் காசு தவக்கால உண்டியலுக்குப் போகும். உண்டியலை ஆட்டிப் பார்த்து யாருடையது அதிகம் ஒலிக்கிறது என்று ஒப்பிடுவதும் உண்டு என்பதை இங்கே ஒளிக்காமல் சொல்லிவிடுகிறோம்.

சென்ற தவக்காலத்தில் எங்களுள் ஒருத்தி வெள்ளிதோறும் கஞ்சி மட்டுமே குடிப்பது என்று உறுதி எடுத்தாள். இரண்டாம் வாரமே அவளுக்குக் காய்ச்சல் கண்டது. உபவாசத்தை விட்டுவிட்டுச் சாப்பிட வேண்டும் என்று அவள் தாயார் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். காய்ச்சலுக்கு அழாத அவள் இதற்கு அழுதாள். தன் ஒறுத்தல் பாழாயிற்றே என்று பள்ளிக்கு வந்தும் முகம் வாடியே இருந்தாள். மறைக்கல்வி எடுக்கும் எங்கள் சிஸ்டர் அவளைத் தேற்றவுமில்லை, கடிந்துகொள்ளவுமில்லை. புனித அருளானந்தரின் வாழ்க்கையை எல்லோருமாகப் படித்து வாருங்கள், அதில் 1686-ஆம் ஆண்டுக்கும் 1690-ஆம் ஆண்டுக்கும் இடையில் நடந்ததை மட்டும் இரண்டு தடவை படியுங்கள் என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

அருளானந்தர் எங்களுக்குப் புதியவர் அல்லர். கும்மிடிப்பூண்டித் தொழிற்பேட்டையில் வேலை கிடைத்துத் தென்மாவட்டங்களிலிருந்து வந்து குடியேறிய குடும்பங்கள் இங்கே பல உண்டு. ராமநாதபுரம், சிவகங்கைப் பக்கத்துக் கத்தோலிக்கர் வீட்டுப் பீடத்தில் மாதா சுரூபத்தின் அருகே சிறு பொட்டலத்தில் செம்மண் இருப்பதைப் பார்த்திருக்கிறோம். ஓரியூர் மண் அது. பிள்ளைக்கு உடம்பு சுகமில்லையென்றால் நெற்றியில் அதைத் தொட்டு வைப்பார்கள். அந்த மண் ஏன் சிவந்தது என்ற கதை மட்டுமே எங்களுக்குத் தெரியும். அதற்கு முன் நாற்பத்தைந்து ஆண்டுகள் அவர் எப்படி வாழ்ந்தார் என்று அதுவரை நாங்கள் கேட்டதில்லை.

போர்த்துக்கல் நாட்டின் தலைநகர் லிஸ்பனில் 1647-ஆம் ஆண்டு மார்ச் 1-ஆம் நாள் பிறந்தார் ஜான் டி பிரிட்டோ. செல்வமும் செல்வாக்கும் நிறைந்த பிரபுக் குடும்பம். தந்தை சால்வதோர் பிரேசிலின் ரியோ டி ஜெனிரோவுக்கு ஆளுநராக அனுப்பப்பட்டு அங்கேயே காலமானார். அப்போது ஜான் நான்கு வயதுக் குழந்தை. தாய் பெயாத்ரிஸ் அம்மையார் பிள்ளைகளைத் தனியே வளர்த்தார். ஜான் அரண்மனைக்கு அனுப்பப்பட்டு இளவரசர் பேத்ருவுக்குத் தோழரானார். பேத்ரு அவரைவிட ஒரு வயதுதான் இளையவர். இருவரும் சேர்ந்து படித்தார்கள், சேர்ந்து விளையாடினார்கள். பின்னாளில் அந்த இளவரசர் மன்னராவார். கதை அங்கே திரும்பவும் வரும், ஆதலால் இப்பெயரை வாசகர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டுகிறோம்.

ஜானுக்குப் பதினோரு வயதிருக்கும்போது கொடிய நோய் ஒன்று தாக்கியது. மருத்துவர்கள் கைவிட்ட நிலையில் தாய் புனித சவேரியாரை நோக்கி நேர்ந்துகொண்டார். பிள்ளை பிழைத்தால் ஓராண்டுக் காலம் அவனுக்குச் சேசு சபையாரின் அங்கியை அணிவிப்பதாக அந்த நேர்ச்சை. பிள்ளை பிழைத்தான். அரண்மனையில் பட்டும் சரிகையும் அணிந்து திரிந்த சிறுவர்களிடையே ஒருவன் மட்டும் குட்டிக் கறுப்பு அங்கியோடு ஓராண்டு நடமாடினான். ஆண்டு முடிந்ததும் அங்கி கழற்றப்பட்டது. ஆனால் சிறுவனின் மனம் அதைக் கழற்றவில்லை.

நேர்ச்சை செய்த அந்தத் தாயே பிற்பாடு அஞ்சினார் என்பதுதான் எங்களைத் தொட்டது. ஓராண்டுக்கு என்று அவர் கொடுத்த பிள்ளையை ஆண்டவர் ஆயுள் முழுவதற்கும் கேட்டார். 1662-ஆம் ஆண்டு டிசம்பர் 17-ஆம் நாள் ஜான் சேசு சபையின் நவதுறவியர் இல்லத்தில் சேர்ந்தார். அப்போது அவருக்கு 15 வயது. எங்களில் பெரும்பாலோருக்கும் இப்போது அதே வயதுதான். படிப்பில் சிறந்து விளங்கிய அவர் கொயிம்பிராவில் கல்வி கற்றார். உடல்நலம் மட்டும் அடிக்கடி இடைஞ்சல் செய்தது. இருந்தும் தம்மை இந்தியாவுக்கு அனுப்பும்படி மேலதிகாரிகளுக்கு எழுதி மன்றாடிக்கொண்டே இருந்தார்.

அனுமதி கிடைத்தது. தாயின் உள்ளம் பதறியது. அந்நாளில் இந்தியாவுக்குக் கப்பலேறியவர்களில் திரும்பி வந்தவர் சிலரே. மகனைத் தடுக்க அம்மையார் தமக்குத் தெரிந்த பெரியவர்கள் அனைவரிடமும் முறையிட்டார். பாப்பரசரின் தூதுவர் வரையில் அந்த முறையீடு சென்றது. ஜான் தளரவில்லை. அழைத்தவர் கடவுள் என்பதில் அவருக்கு ஐயமே இல்லை. 1673-ஆம் ஆண்டின் தொடக்கத்தில் குருப்பட்டம் பெற்று, மார்ச் மாதத்தில் கப்பல் ஏறினார். வழியில் கப்பலில் காய்ச்சல் பரவியபோது நோயாளிகளுக்குப் பணிவிடை செய்தார். ஏறக்குறைய ஆறு மாதப் பயணத்துக்குப் பின் செப்டம்பரில் கோவாவை அடைந்தார். அவர் தாய் எந்தப் புனிதரிடம் நேர்ந்துகொண்டாரோ அந்தச் சவேரியாரின் திருவுடல் வைக்கப்பட்டிருந்த நகரம் அது.

1674-இல் அவர் மதுரை மறைத்தளத்துக்கு வந்து சேர்ந்தார். அந்நாளைய தமிழகத்தை நாம் சற்றே எண்ணிப் பார்க்க வேண்டும். நம் மாவட்டத்துப் பழவேற்காட்டில் டச்சுக்காரரின் கோட்டை நின்றது. சென்னையில் ஆங்கிலேயரின் கோட்டை நின்றது. ஐரோப்பியர் என்றால் பீரங்கியும் வாணிபமும் என்றுதான் மக்கள் அறிந்திருந்தார்கள். பரங்கி என்ற பெயரே அருவருப்புக்குரியதாயிருந்தது. இதை முன்பே உணர்ந்தவர் தத்துவபோதகர் எனப்பட்ட ராபர்ட் டி நோபிலி. 1606-இல் மதுரைக்கு வந்து, தமிழ்த் துறவியரைப் போல் உடையும் உணவும் மாற்றி வாழ்ந்து, 1656-இல் மயிலாப்பூரில் மறைந்தார். அவர் வகுத்த பாதையில் வந்தவர்தான் ஜான். ஆயினும் அந்தணத் துறவியாக வாழ்ந்தால் எளிய மக்களோடு நெருங்கிப் பழக இயலாது என்பதால் அவர் பண்டாரசாமியாக வாழ்ந்தார். பண்டாரசாமிகள் எல்லாக் குலத்தாரிடமும் போகலாம். பெயரும் அருளானந்தர் ஆயிற்று.

இங்கேதான் எங்கள் பட்டியல் எங்களுக்கு நினைவு வந்தது. புலால் இல்லை, மீன் இல்லை, முட்டை இல்லை, திராட்சை இரசம் இல்லை. சோறும் காய்கறியும் பாலுமே உணவு. படுக்கை வெறுந்தரை. காவி உடை, காலில் பாதக்குறடு, கையில் கோல். ஐரோப்பாவின் குளிரில் பிறந்து வளர்ந்த உடம்பு நம் கத்தரி வெயிலில் காடும் கழனியும் நடந்தது. இது நாற்பது நாளைக்கு அன்று, இறுதி வரைக்கும். பாஸ்கா அன்று திரும்ப எடுத்துக்கொள்ளலாம் என்று எதையும் அவர் ஒதுக்கி வைக்கவில்லை. அதைவிடப் பெரிது ஒன்று உண்டு என்று எங்களுக்குத் தோன்றியது. தாய்மொழியில் பேச ஆள் இல்லாமல், சொந்தப் பெயரால் கூப்பிட ஆள் இல்லாமல் ஆண்டுக்கணக்கில் வாழ்ந்தார். எங்களில் விடுதியில் தங்கிப் படித்தவர்கள் முதல் வாரத்தை நினைத்துக்கொண்டோம்.

செஞ்சி, தஞ்சை, மறவ நாடு என்று அவர் நடந்த ஊர்களைச் சொல்லி முடியாது. போரும் பஞ்சமும் மாறி மாறி வந்த காலம். 1685-இல் மதுரை மறைத்தளத்தின் தலைவராக நியமிக்கப்பட்டார். மறுவருடம் மறவ நாட்டுக்குச் சென்றார். அங்கே குரு ஒருவர் போய்ப் பல ஆண்டுகள் ஆகியிருந்தன. ராமநாதபுரத்தை ஆண்ட கிழவன் சேதுபதியின் நாடு அது.

இனி சிஸ்டர் இரண்டு தடவை படிக்கச் சொன்ன பகுதி.

1686-ஆம் ஆண்டு ஜூலையில் மங்கலம் என்னும் ஊரருகே சேதுபதியின் தளபதி குமாரப் பிள்ளை அவரைச் சிறைப்பிடித்தார். உடனிருந்த உபதேசிமாரும் பிடிபட்டார்கள். மறுதலிக்கச் சொல்லி அடித்தார்கள். கயிற்றில் கட்டிக் குளத்து நீரில் மூச்சு முட்ட அமிழ்த்தினார்கள். வெயிலில் காய்ந்த கரடுமுரடான பாறைமேல் கிடத்தி மேலே ஏறி மிதித்தார்கள். அவர் வாயிலிருந்து மறுதலிப்பு வரவில்லை. உபதேசிமாரும் அசையவில்லை. அவர்கள் பெயர்களை நாம் அதிகம் சொல்வதில்லை. புலவரும் பிரபுவும் அல்லாத அந்த எளிய தமிழர்கள் பட்ட அடியும் அதே அடிதான் என்பதை எழுதாமல் விட எங்களுக்கு மனம் வரவில்லை. எல்லோருக்கும் மரண தண்டனை விதிக்கப்பட்டது.

அருளானந்தர் அதற்கு ஆயத்தமாயிருந்தார். ஆயத்தம் என்பதுகூடப் போதாது. வேதசாட்சி முடியை அவர் ஆவலோடு எதிர்நோக்கினார். ஆண்டவருக்கு இதைவிட மேலான காணிக்கை எது? ஆனால் நடந்தது வேறு. சேதுபதி அவரை ராமநாதபுரத்துக்கு வரவழைத்து, அவர் போதிப்பது என்னவென்று கேட்டார். அருளானந்தர் பத்துக் கட்டளைகளை விளக்கினார். கேட்ட மன்னர் அதில் குற்றம் காணவில்லை. இனி மறவ நாட்டில் போதிக்கக் கூடாது என்று ஆணையிட்டு எல்லோரையும் விடுதலை செய்தார்.

உயிர் பிழைத்தது நல்லதுதானே என்று எங்களுள் சிலர் சொன்னார்கள். நல்லதுதான். ஆனால் கையில் வந்த முடி நழுவிப்போனதாகவே அவர் உணர்ந்தார். அதோடு நிற்கவில்லை. ஐரோப்பாவில் மறைத்தளத்தின் நிலையை எடுத்துரைக்க ஒருவர் வேண்டும் என்று மேலதிகாரிகள் அவரையே தேர்ந்து அங்கே போகச் சொன்னார்கள். உயிரைக் கொடுக்க வந்தவரைக் கணக்குச் சொல்லப் போ என்றால் எப்படி இருக்கும்! இன்னும் இருபது ஆண்டு உழைக்க வேண்டிய வயல் கண்ணெதிரே கிடக்கிறது. அடிபட்ட உபதேசிமார் இங்கே இருக்கிறார்கள். அவர்களை விட்டுத் தாம் மட்டும் பத்திரமான இடத்துக்குப் போகவேண்டும். கீழ்ப்படிதல் என்ற வார்த்தைப்பாட்டை நாங்கள் அதுவரை சாதாரணமாக நினைத்திருந்தோம். மேல்நிலை வகுப்பு அக்காமார் சொன்னபடி கேட்பது, மணி அடித்ததும் வரிசையில் நிற்பது போல ஒன்று என்று நினைத்திருந்தோம். இங்கே கீழ்ப்படிதல் என்பது, தம் சித்தத்தில் மிகப் புனிதமாயிருந்த ஆசையையே கீழே வைப்பதாக இருந்தது. அவர் வாதாடவில்லை. கப்பல் ஏறினார்.

1688-இல் லிஸ்பன் வந்து சேர்ந்தார். பதினைந்து ஆண்டுகளுக்குப் பின் தாய் மகனைக் கண்டார். வெயிலில் கறுத்து, அடிகளின் தழும்போடு, முன்னைய சாயலே மாறிப்போயிருந்த மகன்! நகரமே அவரைப் பார்க்கத் திரண்டது. அரண்மனைத் தோழர் பேத்ரு இப்போது போர்த்துக்கல் மன்னர். பழைய நட்பு குறையவில்லை. பெரிய விருந்துகளுக்கு அழைப்பு வந்தது. அருளானந்தரோ அங்கும் புலால் உண்ணவில்லை. மதுரை நாட்டில் உண்டது போலவே காய்கறியும் சோறுமாக உண்டு, தரையிலேயே படுத்தார். திரும்பிப் போகும்போது உடம்பு அந்த வழக்கத்தை மறந்துவிடக் கூடாது என்பது அவர் எண்ணம். விடுமுறைக்குப் பாட்டி வீட்டுக்குப் போனால் நம் விரதமெல்லாம் என்னவாகிறது என்பதை அவரவர் மனச்சான்று அறியும்.

1689-இல் மன்னருக்கு ஆண்மகவு பிறந்தது. அந்த அரச வாரிசுக்கு ஆசிரியராக இருந்து அரண்மனையிலேயே தங்கிவிடும்படி மன்னர் அருளானந்தரைக் கேட்டுக்கொண்டார். இதை நாங்கள் வகுப்பில் பெரிதாக விவாதித்தோம். மேலதிகாரிகள் சொல்லி ஐரோப்பா வந்ததைக் கடவுளின் சித்தம் என்று ஏற்றவர், மன்னர் சொன்னதையும் அப்படியே ஏற்றிருக்கலாமே? கிறிஸ்தவ மன்னர், அன்பான நண்பர், நல்ல பணி. நாளைய அரசனை நல்லவனாக வளர்ப்பது தீய செயலா? தாயும் அருகிலேயே இருப்பார். பெயாத்ரிஸ் அம்மையார் எதை விரும்பியிருப்பார் என்று சொல்லவும் வேண்டுமா?

அருளானந்தர் மறுத்தார். இங்கே அந்தப் பணியைச் செய்யப் பலர் உண்டு, மறவ நாட்டுக்குப் போகச் சிலரே உண்டு என்பதுதான் அவர் சொன்ன நியாயம். எங்கள் விவாதத்தில் ஒருத்தி சொன்னது எல்லோருக்கும் சரியென்று பட்டது. முதலாவது ஆணை அவர் ஆசைக்கு எதிராக வந்தது, அதற்குப் பணிந்தார். இரண்டாவது வேண்டுகோள் சுகத்துக்கு ஆதரவாக வந்தது; அதை உற்றுப் பார்த்து விலக்கினார். சபையின் கீழ்ப்படிதல் அவரை மதுரைக்கு உரியவராக்கியிருந்தது. நட்பு அதை மாற்ற முடியவில்லை. இந்தப் பகுத்தறிதல் எங்கிருந்து வந்தது என்றால், தமக்கென்று எதையும் பிடித்து வைத்துக்கொள்ளாத மனத்திலிருந்துதான் வந்திருக்க வேண்டும் என்று எண்ணுகிறோம். வேறு விதமாக நினைப்போரும் வகுப்பில் உண்டு.

1690-இல் தாயிடம் இரண்டாம் முறை விடைபெற்றார். முதன்முறை தடுத்தவர் இம்முறை தடுத்ததாக நாங்கள் படிக்கவில்லை. கப்பலில் மறுபடியும் நோய், பலர் சாவு, அவரும் படுக்கையில் விழுந்தார். அந்த ஆண்டு நவம்பரில் கோவா வந்து, 1691-இல் மீண்டும் மறவ நாட்டின் எல்லைக்குள் நுழைந்தார். போதிக்கக் கூடாது என்ற ஆணை அப்படியே இருந்தது. காடுகளில் ஓலைக் குடிசை அமைத்துத் தங்கி, இடம் மாறி மாறி, இரவில் மக்களைச் சந்தித்தார். கூட்டம் கூட்டமாக வந்தவர்களுக்குத் திருமுழுக்குக் கொடுத்துக் கொடுத்துக் கை சோர்ந்து போயிற்று.

மறவ நாட்டு அரச குடும்பத்தைச் சேர்ந்த தடியத் தேவர் கடும் நோயுற்றிருந்தார். உபதேசியார் ஒருவர் அவர்மீது நற்செய்தியை வாசித்துச் செபித்தபோது நோய் நீங்கியது. தடியத் தேவர் திருமுழுக்குக் கேட்டார். அவருக்கு மனைவியர் பலர். ஒருவரை மட்டுமே வைத்துக்கொள்ள வேண்டும் என்பதை அருளானந்தர் மறைக்காமல் சொன்னார். தேவர் இசைந்தார். மற்றவர்களைத் தங்கையராக வைத்துப் பேணுவதாக வாக்களித்தார். 1693 ஜனவரி 6, மூன்று அரசர் திருநாளன்று அவர் திருமுழுக்குப் பெற்றார்.

விலக்கப்பட்டவர்களுள் இளையவர் கடலாய். சேதுபதியின் உறவில் மகள் முறை. அவர் அழுதுகொண்டே சேதுபதியிடம் போய் முறையிட்டார். நூல்கள் இந்தப் பெண்ணை ஏதோ சூழ்ச்சிக்காரியைப் போலக் காட்டிவிட்டுக் கடந்துபோகின்றன. பெண்பிள்ளைகளாகிய எங்களுக்கு அப்படிக் கடந்துபோக இயலவில்லை. அவர் செய்த பிழை என்ன? ஒரு நாள் மனைவியாய் இருந்தவர் மறுநாள் தங்கை என்றால் நெஞ்சு கொதிக்காதா? சட்டம் சரியானதுதான், ஒருவனுக்கு ஒருத்தி என்ற சட்டம் பெண்ணைக் காக்கவே வந்தது. இருந்தும் அன்று அதன் பாரம் முதலில் விழுந்தது ஒரு பெண்ணின் தலைமேல். கடலாய்க்காகவும் நாங்கள் ஒரு மணிச் செபமாலை சொன்னோம். இது முறையா என்று சிஸ்டரிடம் பயந்து பயந்து கேட்டபோது, அருளானந்தர் அதற்கு முன்னமே விண்ணகத்தில் வேண்டிக்கொண்டிருப்பார் என்று பதில் வந்தது.

சேதுபதி சினந்தார். ஜனவரி 8-ஆம் நாள் அருளானந்தர் பிடிபட்டு ராமநாதபுரத்துக்குக் கொண்டுபோகப்பட்டார். தடியத் தேவர் பரிந்து பேசியும் பயனில்லை. ஆனால் தடியத் தேவருக்குச் செல்வாக்கு மிகுதி. தலைநகரில் வைத்தே கொன்றால் கலகம் எழலாம். ஆதலால் நாடு கடத்துவதாக வெளியே சொல்லிவிட்டு, ஓரியூரை ஆண்ட தம் சகோதரருக்கு அவரைக் கொன்றுவிடும்படி மறைவாக ஓலை அனுப்பினார். நடக்க முடியாமல் நடந்து, விழுந்து எழுந்து, ஜனவரி இறுதியில் அவர் ஓரியூர் சேர்ந்தார்.

பிப்ரவரி 3-ஆம் நாள் சிறையிலிருந்து தம் சபைத் தோழர்களுக்குக் கடிதம் எழுதினார். மை இல்லை. கரியை நீரில் குழைத்து, வைக்கோல் துரும்பைத் தொட்டு எழுதினார். அதில் புலம்பல் இல்லை, பழி இல்லை. நற்செயலே குற்றமென்று சாட்டப்படும்போது அதற்காகத் துன்புறுவது பெருமையே என்ற கருத்துப்பட எழுதி, தமக்காகச் செபிக்கும்படி கேட்டுக்கொண்டார். 1686-இல் தாம் தேடிப்போனது இப்போது தானாகவே வந்திருக்கிறது. வாழ்வு எப்போது தம் கையில் இல்லையோ, அப்படியே சாவும் தம் கையில் இல்லை என்று ஏழு ஆண்டுகளில் அவர் முற்றும் ஒப்புக்கொடுத்துவிட்டிருந்தார் என்பது அந்த அமைதியில் தெரிகிறது.

மறுநாள் 1693 பிப்ரவரி 4, புதன்கிழமை. அந்த ஆண்டு உயிர்ப்புப் பெருவிழா மார்ச் 22-இல் வந்தது. அதற்கு முந்திய தேதியில் அது வரவே வராது. நாற்பத்தாறு நாள் பின்னோக்கி எண்ணிப் பார்த்தோம். விரல் நின்ற இடம் பிப்ரவரி 4. ஆம், அன்று விபூதிப் புதன்! உலகமெங்கும் திருச்சபையின் மக்கள் நெற்றியில் சாம்பல் பூசிக்கொண்ட அன்று, பாம்பாற்றங்கரை மணல்மேட்டில் அவர் முழந்தாளிட்டார். சிறிது நேரம் செபிக்க அனுமதி கேட்டுச் செபித்தார். எழுந்து வந்து கொலைஞரிடம் தாம் ஆயத்தம் என்று சொல்லித் தலை சாய்த்தார். தலை வெட்டப்பட்டது. கைகளும் கால்களும் துண்டிக்கப்பட்டன. உடல் கம்பத்தில் தொங்கவிடப்பட்டது. அவருக்கு நாற்பத்தாறு வயது நிறைய இன்னும் ஒரு மாதம்கூட இல்லை.

அந்த மணல் சிவந்தது அவர் இரத்தத்தால் என்று மக்கள் நம்புகிறார்கள். 1853-இல் ஒன்பதாம் பத்திநாதர் அவரை முத்திப்பேறு பெற்றவராக அறிவித்தார். 1947-ஆம் ஆண்டு ஜூன் 22-ஆம் நாள், நம் நாடு விடுதலை பெறுவதற்கு இரண்டு மாதம்கூட இல்லாத வேளையில், பன்னிரண்டாம் பத்திநாதர் அவருக்குப் புனிதர் பட்டம் அளித்தார். ஆண்டுதோறும் பிப்ரவரி 4 அவர் திருநாள். அன்று ஓரியூருக்குச் சாதி சமயம் பாராமல் மக்கள் வருகிறார்கள். கும்மிடிப்பூண்டியிலிருந்து இரவு வண்டி பிடித்துப் போய் வருகிறவர்களும் உண்டு. வரும்போது பொட்டலத்தில் மண் வரும்.

பெயாத்ரிஸ் அம்மையாரின் செய்தியைச் சொல்லாமல் முடிக்கக் கூடாது. இந்தியாவிலிருந்து செய்தி கடல் கடந்து லிஸ்பனை அடைந்தது. மன்னர் பேத்ரு நன்றி வழிபாட்டுக்கு ஏற்பாடு செய்தார். தாயை அழைத்தார். ஆறு மாதக் கடல்வழிக்கு அப்பால் தாம் பார்த்தறியாத மண்ணில் மகனைப் பறிகொடுத்த மூதாட்டி, கைம்பெண், துக்க உடையில்தான் வருவார் என்று எல்லோரும் எதிர்பார்த்தார்கள். நோயுற்ற சிறுவனின் கட்டிலருகே நின்று ஓராண்டுக்கு மட்டும் என்று நேர்ந்துகொண்டவர், கப்பலைத் தடுக்க வாசல் வாசலாக ஏறி இறங்கியவர், அன்று பெட்டியைத் திறந்து திருவிழாவுக்கு அணியும் ஆடையை எடுத்து உடுத்திக்கொண்டு கோவிலுக்கு வந்தார்.